கேரட் காத்திருக்கும், லெட்டூஸ் காத்திருக்காது

"கேரட்டை விட்டுவிட்டு லெட்டூஸ் போடலாமா அண்ணா?" என்று போன மாதம் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி கேட்டான். நீலகிரியில் கோத்தகிரிக்குக் கீழே நாற்பது சென்ட் நிலம், கோடையிலும் வற்றாத கிணறு, வேலைக்கு அவனும் அவன் மனைவியும். நான் திருப்பி ஒரு கேள்வி கேட்டேன்: "வெட்டியதை எந்த வண்டியில் ஏற்றுவாய்? அது எத்தனை மணிக்கு எங்கே போய்ச் சேரும்?" பதில் சொல்லாமல் நழுவுகிறேன் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது, முகம் வாடிவிட்டது.

சாலட்டிலும் பர்கரிலும் பச்சையாகப் போடும் இந்த லெட்டூஸ் கீரையைப் பன்னிரண்டு வருடங்களாகப் போட்டு வருகிறேன். கேரட்டில் பார்க்காத லாபத்தை இதில் பார்த்திருக்கிறேன். பாத்தி பாத்தியாக வெட்டி மாட்டுக்குப் போட்டதும் உண்டு. இரண்டு சமயத்திலும் பயிர் நன்றாகத்தான் விளைந்திருந்தது. வெட்டிய பிறகு அது போன வழிதான் வேறு. ஆகவே அந்தத் தம்பிக்கும், அவனைப்போல நாற்றுக்கு முன்பணம் கொடுக்கும் யோசனையில் இருப்பவர்களுக்கும், எதை எதோடு ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கேரட்டா, லெட்டூஸா?

1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு ஏறிவந்தார். அவர் காலத்தில் வந்த இங்கிலீஷ் காய்கறிகளில் உருளை, கேரட், முட்டைகோஸ் எல்லாம் இன்று தமிழ்நாட்டுச் சமையலறைக்குச் சொந்தமாகிவிட்டன. சாம்பாரில் கேரட் விழுகிறது, முட்டைகோஸ் பொரியல் ஆகிறது. முட்டைகோஸ் விலை சரிந்தால் வீட்டுக்காரர்கள் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிப் போவார்கள். சரிந்த விலையை அந்த வாங்குதலே கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். லெட்டூஸுக்கு அந்தத் தாங்கல் கிடையாது. பாதி விலைக்குக் கொடுத்தாலும் அதை வாங்கிக் கூட்டு வைப்பவர் யாரும் இல்லை. ஹோட்டல், பர்கர் கடை, விடுதி, பெரிய நகரத்துக் கடைகள் ஆகியவற்றோடு அதன் சந்தை முடிந்துவிடுகிறது.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது இதை முழுசாகப் புரிந்துகொண்டேன். ஹோட்டல்கள் ஒரே நாளில் அடுப்பை அணைத்தன. கேரட் லாரிகள் கொஞ்ச நாள் திணறிவிட்டு மறுபடி மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கத் தொடங்கின. என் ஐஸ்பெர்க் (உருண்டை லெட்டூஸ்) பாத்திகளைக் கேட்க ஒருவரும் வரவில்லை. மாட்டுக்கு வெட்டிப் போட்டது அந்த வாரத்தில்தான்.

இரண்டாவது வேறுபாடு நாள் கணக்கில் இருக்கிறது. கேரட் ஏறக்குறைய நூறு நாள் பயிர். தோண்டும் நாளில் விலை சரியில்லை என்றால் ஒரு வாரம், பத்து நாள் மண்ணிலேயே விட்டுவைக்கலாம். சில கிழங்கு வெடிக்கும், சில அளவுக்கு மீறிப் பருக்கும், மற்றவை தேறிவிடும். லெட்டூஸ் நட்டதிலிருந்து அறுபது, எண்பது நாளில் முடிந்துவிடும். ஆனால் பக்குவம் வந்த ஐஸ்பெர்க் உருண்டை நான்கைந்து நாளுக்கு மேல் பொறுக்காது. உருண்டை கல்லாக இறுகிப் பிளக்கும். உள்ளே பூத்தண்டு எழும்ப ஆரம்பிக்கும். வெயில் ஏறினால் இன்னும் சீக்கிரம். தண்டு எழுந்த செடியை அறுத்துப் பாருங்கள்: வெட்டுவாயில் திரளும் வெள்ளைப் பால் கெட்டியாக இருக்கும், இலையைக் கிள்ளி வாயில் போட்டால் வேப்பங்கொழுந்தை நினைவூட்டும். அதற்குப் பிறகு அது சரக்கே அல்ல.

இவ்வளவும் சொன்ன பிறகு லெட்டூஸின் நல்ல பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அது நம் நிலத்துக்கு ஓய்வு தருகிற பயிர். நீலகிரியில் 1961-இல் கண்டுபிடிக்கப்பட்ட முட்டைக்கூடு நூற்புழு இன்றுவரை உருளைக்கிழங்கு வயல்களை விட்டுப் போகவில்லை. அது உருளை, தக்காளி, கத்தரிக் குடும்பத்தில் மட்டுமே பெருகும். லெட்டூஸ் சூரியகாந்தி, சாமந்தியின் குடும்பம். புழுவுக்கு அதில் உணவில்லை. முட்டைகோஸ், காலிஃபிளவரைத் தாக்கும் வேர்வீக்க நோய்க்கும் இதே கதைதான். உருளைக்கும் கோஸுக்கும் நடுவே இரண்டு மாதத்தில் ஒரு வருமானம் என்று பார்த்தால் இதைவிடப் பொருத்தமான பயிர் குறைவு. கேரட்டுக்குப் பின்னால் போடும்போது மட்டும் கவனம் தேவை. செடி அடியில் வெள்ளைப் பஞ்சுபோலப் படர்ந்து, எலிப்புழுக்கை போன்ற கறுப்பு மணிகளை விட்டுப்போகும் அழுகல் நோய் இரண்டு பயிருக்கும் பொது. கேரட்டில் அதைப் பார்த்த பாத்தியில் லெட்டூஸ் நடாதீர்கள்.

ஆக, கேரட்டை விட்டுவிட்டு என்ற சொல்லையே நான் ஏற்கவில்லை. கேரட்டின் பக்கத்தில், ஒரு மூலையில் என்று கேட்டிருந்தால் அப்போதே தலையாட்டியிருப்பேன்.

ஐஸ்பெர்க், ரோமெயின், இலை ரகம்

முடிவில் பாதி இங்கேதான் இருக்கிறது. மண்டியில் எல்லாவற்றையும் சேர்த்துச் சைனீஸ் காய்கறி என்று சொல்லிவிடுகிறார்கள். போடுபவனுக்கு இவை மூன்று வெவ்வேறு தொழில்.

ஐஸ்பெர்க் என்பது முட்டைகோஸ் மாதிரி மூடி உருளும் ரகம். நட்டு எழுபத்தைந்து முதல் எண்பத்தைந்து நாள். நல்ல உருண்டை அரைக் கிலோவிலிருந்து எழுநூறு கிராம் வரை நிற்கும். வெளி இலைகள் கவசம்போல மூடியிருப்பதால் மூன்றிலும் இதுதான் நெடும்பயணம் தாங்கும். பர்கர், சாண்ட்விச் கடைகள் கேட்பது இதைத்தான், தேவையும் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கிறது.

இதன் ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஓர் ஆகஸ்டில் பத்து நாள் விடாத மூடுபனி. பிறகு மூன்று நாள் சுள்ளென்று வெயில். வெளியே பார்த்தால் உருண்டைகள் படம்போல இருந்தன. நாற்பது பெட்டி ஏற்றி அனுப்பினேன். வாங்குகிறவர்களின் கிடங்கில் பெட்டிக்கு ஒன்றாக எடுத்து நடுவில் அறுத்தார்கள். உள்ளே நான்காவது, ஐந்தாவது அடுக்கு இலைகளின் ஓரத்தில் பழுப்புக் கோடு, தேயிலைக் கறை படிந்த துணி ஓரம் மாதிரி. நாற்பது பெட்டியும் திரும்பி வந்தது. வண்டி வாடகையும் என் தலையில் விழுந்தது.

இதற்கு நோய்க்கிருமி காரணமில்லை. செடிக்குள் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) நீரோடு ஏறுகிறது. எந்த இலை காற்றில் நீரை ஆவியாக விடுகிறதோ அந்த இலைக்குத்தான் போய்ச் சேரும். உருண்டைக்குள் மூடிக்கிடக்கும் இளம் இலைக்குக் காற்றே படுவதில்லை. அந்த நேரத்தில் வெயில் அடித்து வளர்ச்சி முடுக்கிவிட்டால் இலை ஓரத்துக்குச் சத்து எட்டாமல் கருகிவிடும். உருண்டை மூடிய பிறகு கால்சியம் கரைசலை மேலே தெளிப்பதால் பயனில்லை, அது உள்ளே போகவே போகாது. நம் மண் இயல்பிலேயே புளித்த, அதாவது அமிலத்தன்மை கொண்ட மண், பி.எச். அளவு 6-க்கு மேல் ஏறும்படி முன்கூட்டியே டோலமைட் சுண்ணாம்புத் தூள் போட்டுவிட வேண்டும். தழைச்சத்தை அளவோடு நிறுத்துவது, மண் ஒரு நாள் காய்ந்து மறுநாள் ஊறாமல் ஈரத்தைச் சீராக வைப்பது, ஓரக்கருகலைத் தாங்கும் ரகமா என்று விதை வாங்கும்போதே கேட்பது, உருண்டை கல்லாவதற்கு முன் அமுக்கினால் சற்றே இணங்கும் பதத்தில் வெட்டிவிடுவது: இந்த நான்கும் அந்த ஆகஸ்டுக்குப் பிறகு நான் விடாமல் செய்பவை. வெட்டுவதற்கு முந்தைய நாள் பாத்திக்கு இரண்டு உருண்டையை நானே அறுத்துப் பார்த்துவிடுகிறேன். இரண்டு உருண்டையின் நஷ்டம், நாற்பது பெட்டியின் வாடகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ரோமெயின் நிமிர்ந்து வளரும், நீண்ட தடித்த இலை. அறுபது நாளுக்கு ஐந்து முன்னே பின்னே. எடை முந்நூறு முதல் நானூற்றைம்பது கிராம். குருத்து திறந்திருப்பதால் கருகல் வந்தால் மேலிருந்தே தெரிந்துவிடும். பெட்டியில் ஏறுவதற்கு முன்பே கழித்துவிடலாம். ஐஸ்பெர்க்கைவிடச் சற்று வெப்பம் தாங்கும். இன்று வெட்டவில்லை என்றால் இன்னும் ஐந்தாறு நாள் அவகாசம் தரும். கொஞ்சம் சிறிதாகவே வெட்டினாலும் விற்கலாம், வெளி இலைகளைக் கழித்துக் குருத்தை மட்டும் கட்டி விற்பதற்கும் ஆள் இருக்கிறது. இந்த வளைந்துகொடுக்கும் தன்மைக்காகவே புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது ரோமெயினைத்தான். குறை இல்லாமல் இல்லை: மழைநாளில் குருத்துக் கிண்ணத்தில் நீர் தேங்கி அழுகும். அசுவினிப் பூச்சி மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டால் எந்த மருந்தும் தொடாது. அப்படியே பச்சையாகத் தின்னப்படும் இலை என்பதால் கண்ட மருந்தை அடிக்கவும் கூடாது.

இலை ரகங்கள், அதாவது சுருள் இலை லோலோ, சிவப்பு, ஓக் இலை வகையெல்லாம், நாற்பது, ஐம்பது நாளில் கைக்கு வந்துவிடும். பார்க்கக் கொள்ளை அழகு. எடை நூற்றைம்பது, இருநூறு கிராம்தான். ஒரு பெரிய மழை பெய்தால் மண் தெறித்து மடிப்பெல்லாம் சேறாகும், கழுவக் கழுவ இலை கிழியும். இதைவிடப் பெரிய சிக்கல், நம் போட்டியாளர் யார் என்பது. கோவை, சென்னை, பெங்களூருவின் புறநகரிலேயே மண்ணில்லாத ஹைட்ரோபோனிக்ஸ் முறையில் இதே இலைகளை வளர்க்கிறார்கள். வேரோடு பிடுங்கி, ஈரம் காயாமல் அன்றைக்கே கடைக்குக் கொடுக்கிறார்கள். மலையிலிருந்து ஒரு இரவு குலுங்கிப் போகும் நம் இலை அதன் பக்கத்தில் வாடித்தான் தெரியும். ஆனால் அவர்களால் அரைக் கிலோ ஐஸ்பெர்க்கைக் குழாயில் உருட்டிக் கட்டுப்படியாக்குவது கடினம். அதற்குக் குளிர் இரவும், கூடுதல் நாட்களும், இடமும் வேண்டும். மலை வயலின் பலம் உருண்டையிலும் நிமிர்ந்த குருத்திலும் இருக்கிறது. இலை ரகத்தைப் பக்கத்து விடுதிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விதைப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு நிறுவனங்கள் கோடை ரகம், குளிர்கால ரகம் என்று பிரித்து விற்பது அவர்கள் ஊர்ப் பகல் நீளத்தையும் வைத்து. நாம் இருப்பது வடக்கே 11 பாகையில். பகல் ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. இங்கே தண்டு எழும்பச் செய்வது பெரும்பாலும் வெப்பம்தான். அது பழைய காலம்போல நம்பத்தக்கதாகவும் இல்லை: 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி பதிவானது. மார்ச், ஏப்ரலில் முற்றப்போகும் பயிருக்குச் சீக்கிரம் தண்டு எழும்பாத ரகமாகத் தேர்ந்தெடுங்கள், பட்டியலில் பருவத்தின் பெயர் எதுவாக இருந்தாலும்.

திறந்த வயலா, கூரையா?

கீழே சமவெளியில் திறந்த வயலில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: மார்கழி, தை போனால் வேண்டாம். முப்பது டிகிரிக்கு மேல் விதை முளைக்கவே மறுக்கும், முளைத்தாலும் கசக்கும்.

மலையில் மூன்று வழி இருக்கிறது. திறந்த வயல், நாலு பக்கமும் திறந்து மேலே மட்டும் பாலித்தீன் போட்ட மழைக்கூரை, முழுப் பசுமைக்குடில். பசுமைக்குடிலுக்கு அரசு நிர்ணயித்த செலவில் பாதி மானியமாகக் கிடைக்கிறது என்பதால் பலரும் அதிலேயே கண் வைக்கிறார்கள். லெட்டூஸுக்காக மட்டும் புதிதாகக் குடில் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குளிர் நமக்கு இயற்கையே தருகிறது; குடில் அதைக் குறைக்கத்தான் செய்யும். காற்றோட்டம் குறைந்த குடிலில் ஓரக்கருகலும், இலை அடியில் வெண்மாவு படரும் அடிச்சாம்பல் நோயும் அதிகமாகின்றன. கொய்மலருக்குக் கட்டிய குடில் ஏற்கனவே சும்மா நிற்கிறது என்றால் அது வேறு விஷயம். பக்கத் திரைகளைச் சுருட்டிவிட்டு இலை ரகம் போடலாம்.

மழைக்கூரை எனக்குப் பிடித்த நடுவழி. மூங்கிலிலும் கட்டலாம், குழாயிலும் கட்டலாம். வருடம் முழுவதும் தேவையில்லை, நம் பக்கத்து மழைக்கு மட்டும் போதும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஊட்டிக்கு மேற்கே ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது கோத்தகிரியில் தூறலும் மூடுபனியுமாகவே போய்விடும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை நம்மைப் புரட்டி எடுக்கும்போது மேற்கே அந்த அளவுக்கு இருக்காது. வாங்குகிறவருக்கோ ஐம்பத்திரண்டு வாரமும் சரக்கு வேண்டும். அமெரிக்காவில் லெட்டூஸ் பெருவிவசாயிகள் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள்: கோடையில் கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கு, நவம்பர் வந்ததும் மொத்தப் பட்டாளமும் அரிசோனாவின் யூமாவுக்கு. நம் மலையில் கிழக்கே இரண்டு பேர், மேற்கே இரண்டு பேர் சேர்ந்தால் யாரும் இடம்பெயராமலே அது நடக்கும். ஒவ்வொருவரும் கூரைக்குச் செலவழிப்பதைவிட இது மலிவு. இதைச் செய்யும் குழு ஒன்றை உருவாக்க இரண்டு முறை முயன்றேன். மூன்றாவது முறையும் முயல்வேன்.

உறைபனிக் காலத்தைப் பற்றிச் சுருக்கமாக: பள்ளத்தாக்குப் பாத்தியில் டிசம்பர், ஜனவரியில் முற்றும்படி ஐஸ்பெர்க்கை வைக்காதீர்கள். சிறு நாற்று தாங்கும், முற்றிய உருண்டையின் வெளித்தோல் கொப்பளித்துவிடும். விறைத்திருக்கும் இலையைத் தொடவும் கூடாது, பனி இளகிய பிறகே கத்தி வைக்க வேண்டும்.

நேரடி விதைப்பா, நாற்றா என்பதில் நான் அதிகம் யோசிப்பதில்லை. குழித்தட்டு நாற்றுதான். நேரடியாக விதைத்து, நெருங்கி முளைத்ததைக் கலைத்துவிடுவதற்கு சலினாஸில் இயந்திரம் இருக்கிறது. நமக்குக் கூலிச் செலவுதான் இருக்கிறது. 98 குழித் தட்டில் தென்னை நார்க்கழிவை நிரப்பி, விதை மேலோட்டமாகத் தெரியும்படி மூடுங்கள். வெளிச்சம் பட்டால்தான் இந்த விதை ஒழுங்காக முளைக்கும். மூன்றிலிருந்து நான்கு வாரத்தில் நடலாம்.

தண்ணீர், எரு

நம் வழக்கம் தெளிப்பு நீர். கேரட்டுக்கு அது சரி, தோலைக் கழுவித்தான் தின்கிறோம், பெரும்பாலும் வேகவைத்து. லெட்டூஸின் எந்த இலையில் தண்ணீர் விழுகிறதோ அதே இலை பச்சையாக ஒருவர் வாய்க்குள் போகிறது. 2018-இல் யூமா பகுதியில் விளைந்த ரோமெயினால் அமெரிக்காவின் 36 மாநிலங்களில் 210 பேர் ஈ-கோலை கிருமியால் நோயுற்றார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். அதே கிருமி அந்தப் பகுதியின் பாசனக் கால்வாய் நீரில் கண்டுபிடிக்கப்பட்டது. ஊருக்குக் கீழே ஓடும் ஓடையிலிருந்து மோட்டார் வைத்து இறைப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். அந்த ஓடைதான் உங்கள் நீராதாரம் என்றால் லெட்டூஸ் போடாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. கிணற்று நீர், சொட்டுக்குழாய், மேட்டுப்பாத்தி என்றால் இலை நனையாது, அடிச்சாம்பலும் அழுகலும் குறையும்.

எருவும் அப்படித்தான். கீழேயிருந்து லாரியில் வரும் பச்சைச் சாணத்தையும் கோழி எருவையும் நடவுக்கு முன் கொட்டிக் கிளறுவது இங்கே பழக்கம். மண்ணைத் தொட்டு வளரும் விளைபொருளுக்குப் பச்சை எரு இட்டு 120 நாள் கழித்தே அறுவடை என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. லெட்டூஸ் வயலில் நிற்பதே அறுபது, எண்பது நாள். கணக்குத் தானாகவே வருகிறது: எருவை முந்தைய உருளைக்குப் போடுங்கள், லெட்டூஸுக்கு நன்றாக மக்கியது மட்டும்.

மண்டியா, ஒப்பந்தமா, விடுதியா?

மண்டிக்குப் போட்டால் இன்று வெட்டி நாளை காசு. ஆனால் ஏலத்தில் அன்றைக்கு எத்தனை பெட்டி வந்ததோ அதுதான் விலை. கேரட்டுக்கு ஏலம் கேட்க நிறையப் பேர் இருப்பார்கள். லெட்டூஸுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான். அந்தச் சிலரில் இருவர் அன்று வரவில்லை என்றால் உங்கள் பெட்டி வெயிலில் நிற்கும்.

ஒப்பந்தம் நிம்மதி தரும், எழுத்தில் இருந்தால். ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று நாட்டிலேயே முதலில் தனிச்சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது, 2019-இல். கையெழுத்திட்ட நாளில் பேசிய விலையைச் சந்தை எப்படிப் போனாலும் தர வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் மலையில் பாதிப் பேர் வாய்மொழியில்தான் ஓடுகிறோம். நானும் ஒரு முறை ஒரு கொள்முதல்காரரின் போன் பேச்சை நம்பி மூன்று மாதம் நாற்று நட்டேன். நடுவில் இரண்டு வாரம் "இந்த வாரம் வேண்டாம்" என்று ஒரு குறுஞ்செய்தியோடு நிறுத்திவிட்டார். இப்போது தாளில் மூன்று விஷயம் எழுதி வாங்காமல் விதை வாங்குவதில்லை: வாரத்தில் எந்த நாள் எத்தனை கிலோ, ஓர் உருண்டையின் குறைந்தபட்ச எடை எவ்வளவு, கழிக்கப்படும் சரக்கை எங்கே யார் முன்னிலையில் கழிப்பது. மூன்றாவதுதான் முக்கியம். தோட்டத்திலேயே கழித்தால் மாட்டுக்காவது ஆகும். நானூறு கிலோமீட்டர் தாண்டிக் கழித்தால் வாடகையும் சேர்ந்து போகும்.

விடுதிகளுக்கு நேரடியாகக் கொடுப்பது மூன்றிலும் நல்ல விலை, மூன்றிலும் சிறிய அளவு. ஏப்ரல், மே, தசரா விடுமுறை, டிசம்பர் கடைசி வாரம் என்று ஏறி இறங்கும். எட்டு கிலோ இன்று, இரண்டு கிலோ நாளை. இருசக்கர வாகனத்தில் கொண்டுபோய்க் கொடுக்கத் தயார் என்றால் இலை ரகத்துக்கு இதுவே சரியான இடம்.

இப்போது அந்த வண்டிக் கேள்விக்கு வருகிறேன். உறைநிலையை ஒட்டி, ஒரு டிகிரியில் வைத்தால் லெட்டூஸ் இரண்டு மூன்று வாரம் நிற்கும். அறை வெப்பத்தில் ஓரிரு நாளில் தொங்கிவிடும். பெரிய பண்ணைகள் வெற்றிடக் குளிர்ப்பான் வைத்து அரை மணி நேரத்தில் வயல் சூட்டை எடுத்துவிடுகின்றன. நம்மிடம் இருப்பது விடியற்காலை. ஆறு மணிக்கு இலை பன்னிரண்டு டிகிரியில் கையைச் சில்லிட வைக்கும். பதினோரு மணிக்கு அதே இலை இரட்டிப்புச் சூடாக இருக்கும். ஏழரைக்குள் வெட்டி, வெட்டுவாய்ப் பாலைத் துடைத்து, நிழலில் அடுக்கி ஈரச் சாக்குப் போட்டவருக்கும், கூலியாட்கள் வந்த பிறகு பத்து மணிக்கு வெட்டியவருக்கும் ஒரே சரக்கில் ஒரு நாள் ஆயுள் வித்தியாசம் வந்துவிடும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் வண்டி மலைக்குளிரிலிருந்து சமவெளி வெக்கைக்கு இறங்கிவிடுகிறது. இரவில் இறங்கினால் பிழைக்கும். பெங்களூருக்குப் பந்திப்பூர் காடு வழியாக அனுப்புகிறீர்கள் என்றால் இரவு 9 முதல் காலை 6 வரை அந்தச் சாலை மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். பகலில் போகும் வண்டிக்குக் குளிர்பெட்டி இல்லாமல் முடியாது. அதே வண்டியில் வாழைப்பழமோ தக்காளியோ பிளம்ஸோ ஏற்றவிடாதீர்கள், பழுக்கும் காய் விடும் வாயுவால் லெட்டூஸின் நரம்பெல்லாம் துருப்புள்ளி விழும்.

எத்தனை சென்ட்?

தம்பியின் நாற்பது சென்ட்டுக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. செடிக்குச் செடி ஒரு அடி. வரப்பும் நடைவழியும் போக சென்டுக்கு முந்நூறு செடி. நாற்பது சென்டிலும் ஒரே சமயத்தில் ரோமெயின் நட்டால் பன்னிரண்டாயிரம் செடி. கால்பங்கு கழிந்தால்கூட ஒன்பதாயிரம். ஒன்று 350 கிராம் என்றால் மூன்று டன்னுக்கு மேல், பத்து நாளுக்குள் வெட்டியாக வேண்டும். யார் வாங்குவார்கள்?

இதையே தலைகீழாகப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 50 கிலோ எடுத்துக்கொள்ளும் ஓர் ஆள் உறுதியாகக் கிடைக்கிறார். 50 கிலோவுக்கு 143 செடி. கழிவுக்கும் சேர்த்து 200 நடலாம். அது சென்டில் மூன்றில் இரண்டு பங்கு. செடி வயலில் நிற்பது ஒன்பது வாரம். ஒன்பது வாரப் பாத்திகளும், அடுத்த நடவுக்குத் தயாராகும் ஒன்றிரண்டு பாத்தியும் சேர்ந்தாலும் ஏழெட்டு சென்ட்டுக்குள் அடங்கிவிடும். மீதி முப்பத்திரண்டு சென்டில் கேரட்டும் உருளையும் வழக்கம்போல நிற்கட்டும், லெட்டூஸ் பாத்தி அவற்றுக்கிடையே வருடம் ஒரு இடமாக நகர்ந்துகொண்டே இருக்கட்டும். வாங்குகிறவர் இரண்டாவது ஆளானால் அப்போது பதினாறு சென்ட். ஐஸ்பெர்க் அதற்குப் பிறகு, எழுத்து ஒப்பந்தத்தோடு.

தம்பி அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். பத்து நாள் கழித்துக் கோத்தகிரியில் இரண்டு விடுதி, கோவையில் ஒரு சமையலறை என்று ஆள் பிடித்துவிட்டு வந்தான். மூன்றும் சேர்ந்து வாரத்துக்கு 45 கிலோ, செவ்வாய்க்கிழமை தோறும், கழிவு தோட்டத்திலேயே. இப்போது அவன் வீட்டுத் திண்ணையில் 98 குழியில் இரண்டு தட்டு ரோமெயின் முளைவிட்டிருக்கிறது. வரும் புதன்கிழமை இன்னும் இரண்டு தட்டு விதைக்க வேண்டும்.